மூன்று முறை ஃபெயிலான மாப்பிள்ளை

மூன்று வாரமாக இந்த விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. மோதிரம் மாற்றி முடிகிறவரை ஒரு வரி எழுதக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. உத்தரவு போட்டவள் என் மனைவி லதா. நேற்று மோதிரம் மாற்றியாகிவிட்டது. இனி யார் என்னைத் தடுக்க முடியும்?

மாப்பிள்ளை பெயர் ஹரி. சொந்த ஊர் காட்டாக்கடை. நெய்யாற்றின்கரையில் என் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மாறி மாறி மயங்கி விழும்போதெல்லாம் வந்து எழுப்பிவிடுகிறவர். பெண், லதாவின் தங்கை சுஜா. திருவனந்தபுரத்தில் ஒரு லேபில் வேலை, தினமும் பாறசாலையிலிருந்து ரயிலில் போகிறாள். வரனைக் கொண்டுவந்தவன் அடியேன்.

பெண் பார்த்தாயிற்று. ஜாதகம் பொருந்தியாயிற்று. சுஜாவுக்கு ஹரியை ரொம்பப் பிடித்தும் ஆயிற்று. அவள் வாயைத் திறந்து சொல்லவில்லைதான். ஆனால் பெண் பார்த்த மறுநாளிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வி - "அத்தான், ஆபீசுல கம்ப்யூட்டர் ஒண்ணும் கேடாவல்லியா?"

இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

இடித்தது ஒரே ஒரு இடத்தில். ஹரியிடம் ஒரு டெலஸ்கோப் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. சாதா டெலஸ்கோப் இல்லை, கம்ப்யூட்டர் வைத்தது. மோட்டார் உண்டு, கையில் பிடிக்க ஒரு கீபேட் உண்டு. ஆரம்பத்தில் இரண்டு நட்சத்திரங்களை அதற்கு அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டால் போதும். பிறகு வானத்தில் எதைக் கேட்டாலும் தானே திரும்பிப் போய் நிற்குமாம்.

இது என் மாமனார் காதுக்குப் போனது. மாமா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஜாதகம் கொள்ளாம். நல்ல ஜோலியும் உண்டு. ஆனா மானத்தப் பாத்துக்கிட்டு இருக்கியவன் வீட்டப் பாப்பானா மருமோனே? அந்தக் குழலை இங்க கொண்டுவரச் சொல்லும். அதுல அப்பிடி என்னதான் இருக்குண்ணு நானும் பாக்கியேன். பாத்திட்டாக்கும் வாக்கு."

ஆக, சுஜாவின் கல்யாணம் ஒரு குழலின் முனையில் வந்து நின்றது.

இங்கே மாமாவின் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் வீடு. முப்பது வருஷம் காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்கு ஆபீஸ் போய் ரிட்டையர் ஆனவர். ஒரு நாள்கூட வண்டியைத் தவறவிட்டதில்லை. எப்படி? ஹாலில் தொங்கும் கடிகாரத்தை வேகமாக வைத்திருந்தார். எங்கள் பக்கம் ரயிலுக்குப் போகிற வீடுகளில் பாதியில் இதுதான் வழக்கம். வீட்டு ஆட்கள் மணியைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு இருபத்தைந்து நிமிஷத்தைக் கழித்துக்கொள்வார்கள். கழிக்கிறோம் என்கிற நினைப்புகூட இருக்காது.

ஆனால் புதிதாக வருகிறவனுக்கு? அவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மாட்டிக்கொள்வான்.

ஒன்பது வருஷம் முன்பு நான் மாட்டினேன். "தாமதமாச்சே" என்றார் மாமா. என் வாட்ச்தான் சரி என்று நான் நின்று வாதாடினேன். அன்றைக்கு வாங்கிய பெயர்தான் 'தர்க்கக்காரன்'. என்னை அவர் 'மக்கா' என்று கூப்பிட நாலு வருஷம் ஆனது. அதுவும் நான் பல் பிடுங்கிய வலியில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை!

ஹரியை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அவர் வாட்சில் ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது டெலஸ்கோப் பெட்டியும் முக்காலியுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். மாமா சுவரைப் பார்த்தார்.

"அஞ்சு மணிண்ணில்லா சொன்னது? அஞ்சு இருபத்தஞ்சு ஆச்சே!"

ஹரி என்ன செய்தார் தெரியுமா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கை வாட்சைப் பார்த்தார். பிறகு பவ்யமாக வாட்சின் திருகைப் பிடித்து இழுத்து, கடிகாரத்தில் இருந்த மணியை அப்படியே வைத்துக்கொண்டார்.

"என் வாச்சுதான் பின்னாலயாக்கும் சார். க்ஷமிக்கணும்."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பென்ஷன் ஆர்டர் வந்த அன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அடுக்களை வாசலில் நின்ற சுஜா சந்தோஷத்தில் சாயாவுக்கு இரண்டு தடவை சீனி போட்டாள். நானும் மெச்சிக்கொண்டேன். இந்த ஒரு திருகலில்தான் எல்லாம் திருகிக்கொண்டது என்று யாருக்குத் தெரியும்?

இருட்டியதும் முற்றத்தில் முக்காலி எழுந்தது. கிழக்கே மரச்சீனி விளை - மரவள்ளித் தோட்டம் - அதற்கு மேல் வானம் திறந்து கிடந்தது. ஹரி கை வாட்சைப் பார்த்துத் தேதியையும் மணியையும் கீபேடில் ஏற்றினார். அடுத்து ஊர்ப் பெயர் கேட்டது. பட்டியலில் பாறசாலை இல்லை.

"இல்லியா?" மாமாவுக்கு நம்ப முடியவில்லை. "இங்க ரயில்வே ஸ்டேஷன் உண்டே!"

"அமெரிக்காக்காரன் உண்டாக்கினதில்லியா சார்... நான் அட்லஸ் பாத்து நம்பர் போட்டுக்கிடுதேன்."

"இன்னைக்கு என்ன காட்டப் போறீங்க மோனே?" என்று அத்தை - என் மாமியார் - ஆசையாகக் கேட்டார்.

"சாட்டர்ன், அம்மா."

"அதென்னது?"

பதில் சொல்ல வேண்டியது ஹரி. நான் ஏன் வாயைத் திறந்தேன்? "சனி" என்று மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

"பெண்ணு கேட்டு வந்தவரு சனியவா காட்டப் போறாரு!" அத்தை நெஞ்சில் கை வைத்து மாமாவைக் காட்டினார். "இவியளுக்கு இப்பந்தான் ஏழரை முடிஞ்சுது!"

லதா என் தொடையில் கிள்ளினாள். மாமா மட்டும் தூண் மாதிரி நின்றார். "காட்டட்டும். என்னத்த காட்டுனாலும் காட்டட்டும்."

மோட்டார் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டு கிளம்பியது. குழல் சுற்றி, நிமிர்ந்து, கம்பீரமாகப் போய்... தென்னை மண்டையில் நின்றது.

"தேங்கா இடணுமெங்கி நமக்கு ஆளு உண்டு" என்றார் மாமா.

முதல் தடவை. கீபேடில் எழுத்து ஓடியது. ஹரி தன்னை மறந்து உரக்கப் படித்துவிட்டார்: "அலைன்மென்ட் ஃபெயில்ட்."

"ஃபெயிலா?" என்றார் மாமா.

திசைகாட்டியின் முள்ளை என் ஸ்கூட்டரின் இரும்பு இழுத்துவிட்டதாம். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினேன். மறுபடி வடக்கு பார்த்து வைத்து மறுபடி தொடக்கம். இந்தத் தடவை குழல் மரச்சீனி விளைக்கு மேலே திரும்பியது. "இனி இது பொலக்ஸைக் கேக்குது" என்றார் ஹரி. "நம்ம புணர்தம் இல்லியா, புனர்பூசம், அதுல ஒண்ணு."

"சுஜாவுக்க நாளு, அவளுக்க நட்சத்திரம்!" என்று அத்தை கத்தினார். சனி வந்த பயம் அந்த நிமிஷமே பறந்துபோனது. எல்லோரும் கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்தோம். யோசித்துப் பாருங்கள் - பிறந்த நாளிலிருந்து கல்யாணம் வரை நட்சத்திரப் பெயரைச் சொல்லிச் சொல்லி வாழ்கிறோம். எந்த வீட்டிலாவது எவராவது தன் நட்சத்திரத்தை நேரில் பார்த்ததுண்டா? சுஜா அன்றைக்குத்தான் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். "எனக்கது ரெண்டு உண்டா!" என்று குதித்தாள்.

குழலோ அந்த இரண்டுக்கும் வெளியே எங்கேயோ நின்றது. இரண்டில் எது? கிட்ட இருந்ததைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து பட்டனை அமுக்கினார் ஹரி. அடுத்த நட்சத்திரத்துக்கும் போய் வந்தது.

ஃபெயில்ட்.

மேஸ்திரி வீட்டிலிருந்து ரசமட்டம் வாங்கி வந்து முக்காலியைச் சமப்படுத்தினோம். பாட்டரி மாற்றினோம். சுஜாவின் பள்ளிக்கூட அட்லஸை டார்ச் வெளிச்சத்தில் விரித்து, அட்சரேகை தீர்க்கரேகையை ஒன்றுக்கு மூன்று பேராகச் சரிபார்த்தோம். எல்லாம் சரி. எல்லாமே சரி! மறுபடி குழல் அதே மாதிரி விலகி நின்றது, மறுபடி ஹரி கிட்ட இருந்ததைப் பிடித்தார்.

மூன்றாவது தடவையும் ஃபெயில்ட்.

"மூணு தடவை எழுதியும் பாஸாகல்லியா..." மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்குத் தெரியும் அந்த உதறல். 'நாலு நாள் கழித்துச் சொல்லி அனுப்புகிறேன்' என்பதற்கு முந்தைய உதறல். சொல்லி அனுப்பவே மாட்டார். சுஜாவுக்கும் தெரியும். அட்லஸை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஹரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாவமாக இருந்தது. இருவரையும் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

அந்த நேரம் தூரத்தில் ரயில் கூவியது. எட்டு மணி வண்டி.

சுஜா தலையைத் தூக்கினாள். நேராக ஹரியிடம் போனாள். அப்பா நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பெட்டியில இப்பம் மணி என்ன காட்டுது?"

"எட்டு இருபத்தேழு."

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்... சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் பளிச்சென்று விளங்கியது. கடிகாரம்! அந்த மணியை வாங்கிய வாட்ச்! அந்த வாட்சை நம்பிய கீபேட்! வானம் ஒரு மணியில் இருக்க, டெலஸ்கோப் இன்னொரு மணியில் ஓடிக்கொண்டிருந்தது. நீட்டிய கையின் நாலு விரல் அகலத்துக்கு வானத்தில் வித்தியாசம் வருமாம். அதனால்தான் மெஷின் கேட்ட நட்சத்திரத்தை விட்டுப் பக்கத்துப் புள்ளியைப் பிடித்திருக்கிறார் ஹரி. சரியாகச் சொன்னால், மெஷின் கேட்டது பின்னால் உதிக்கும் இளையதை, இவர் பிடித்தது முன்னால் உதிக்கும் மூத்ததை. மூத்ததை ஒன்பது வருஷம் முன்பே நான் கட்டியாயிற்றே!

ஆனால் இதை மாமாவிடம் யார் சொல்வது? முப்பது வருஷம் வண்டியைத் தவறவிடாத கடிகாரம் தப்பு என்று யார் சொல்வது? நான் என் செருப்பைப் பார்த்தேன். லதா என்னைப் பார்த்தாள். ஹரிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. சார் வீட்டுக் கடிகாரத்தைக் குறை சொல்வதைவிட ஃபெயிலாவதே மேல் என்று முடிவு கட்டியவர் போல நின்றார்.

சுஜாதான் சொன்னாள்.

"அப்பா... நட்சத்திரத்துக்கு வண்டி பிடிக்காண்டாம்."

மாமா அவளைப் பார்த்தார். வண்டிச் சத்தம் போன பக்கம் பார்த்தார். ஹரியின் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார்.

"எவ்வளவு குறைக்கணும்?" என்று ஹரி மெல்ல சுஜாவிடம் கேட்டார்.

"இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு இல்ல." மாமா முன்னால் வந்தார். "இருபத்தேழு. நான் வச்சதாக்கும். ஸ்டேஷனுக்கு நடக்க இருபது, டிக்கெட்டுக்கு அஞ்சு, செருப்புத் தேடியதுக்கு ரெண்டு. குறைச்சுப் போடும்!"

ஒன்பது வருஷமாக நான் கழித்துவந்த கணக்கிலேயே இரண்டு நிமிஷம் பிழை! செருப்பை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

ஹரி இருபத்தேழைக் கழித்தார். 'ங்ங்ங்' என்று குழல் திரும்பியது. சுஜாவின் நட்சத்திரம், இரண்டில் சரியானது, நடுவில் வந்து உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. கீபேடில் எழுத்து ஓடியது. மாமா பொறுக்க முடியாமல் கேட்டார்: "பாஸா?"

"பாஸ் சார்!"

நாங்கள் கை தட்டினோம். அத்தைகூடத் தட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

குழல் மேற்கே நிமிர்ந்து நின்றது. முதலில் மாமா குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். அப்படியே இருந்தார்... இருந்தார்... இருந்துகொண்டே இருந்தார். அத்தை மெல்ல ராம நாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"எடீ," மாமா கண்ணை எடுக்காமலே அத்தையைக் கூப்பிட்டார். "இது மோதிரம் இட்டிருக்கு!"

"ஆரு?"

"சனியாக்கும்! நல்ல எடுப்பான மோதிரம். வந்து பாரு."

அத்தை பயந்து பயந்து குனிந்தார். பிறகு யார் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. லதா பார்த்தாள், நான் பார்த்தேன். உண்மையிலேயே மோதிரம்தான், பொடிசாக, நேற்று தட்டான் கொடுத்தது போல. இத்தனை அழகான ஒன்றையா இத்தனை வருஷம் எள் விளக்கு ஏற்றி விரட்டிக்கொண்டிருந்தோம்?

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். உதறவில்லை.

"சனியே மோதிரம் இட்டாச்சு. இனி நம்ம என்னத்துக்கு வச்சுத் தாமதிக்கியது?" என்றவர் ஹரியின் பக்கம் திரும்பினார். "மக்கா, கையைக் கழுவிட்டு உள்ள வா. சோறு திங்கலாம்."

மக்கா! எனக்கு நாலு வருஷமும் ஒரு பல்லும் செலவானது. இவருக்கு நாலு மணி நேரம்!

ஒரு வீட்டுக்கு மருமகனாகப் போகிறோம் என்றால், அந்த வீட்டுக் கடிகாரத்தில் எத்தனை நிமிஷம் கழிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளப் போகிறோம், அவ்வளவுதான் - இத்தனை நாள் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்று அதிலும் அடி விழுந்தது.

மோதிரம் மாற்ற ஹரி வந்து இறங்கியதும் மாமா வழக்கம்போல சுவரைப் பார்த்தாராம். நிமிஷம் பிசகாமல் சொன்ன நேரம். நானோ மனதுக்குள் இருபத்தேழைக் கழித்துக்கொண்டு பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஹரியின் வாட்சைப் பார்த்தேன். மூன்று வாரமாக அதைத் திருப்பி வைக்கவேயில்லையாம், இன்னும் இருபத்தேழு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பின்னாலேயே மாமாவின் குரல் கேட்டது: "மூத்த மருமோனுக்கு மட்டும் இன்னைக்கும் தாமதம்தான்!"