இடப்பக்கம் குத்திய பதக்கம்

முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, எங்களை உட்காரச் சொல்லி, மண்பானையில் தண்ணீர் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு, பதிவேட்டைத் திறந்து அத்தையிடம் கேட்டார்.

“வீட்டுக்காரர் வரலையாம்மா? சரி, அவரு நம்பரு, ரேங்க்கு, எந்த ரெஜிமென்ட்டுன்னு சொல்லுங்க.”

“வீட்டுக்காரர்னு யாரும் கெடையாது. நம்பரும் ரேங்க்கும் என்னோடது” என்றாள் அத்தை. “கேப்டன். எழுதிக்கங்க.”

அவர் எழுதவில்லை. அத்தையின் சுங்குடிச் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அத்தையைப் பார்த்தார். பிறகு நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. அவர் இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவராம். எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று அவருடைய முழங்கால்கள் பட்ட பாட்டை நான் அன்று முழுக்க ரசித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் திண்டாடுவதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

அத்தை அப்பாவின் அக்கா. ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள். அங்கே நர்ஸ் என்றால் அதிகாரி, தோளில் நட்சத்திரம் உண்டு. ஆனால் அவள் திரும்பி வந்தபோது கல்யாணப் பேச்சுக்காக எங்கள் வீட்டில் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தார்கள். பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள் என்று. பட்டாளத்திலிருந்து வந்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம். பொய் சொல்லியும் கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளைகள் போய்விட்டார்கள், பொய் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. எங்கள் தெருவில் அவள் ‘பெங்களூர் நர்ஸம்மா’. யாராவது அப்படிக் கூப்பிட்டால் அத்தை திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவள் பணி விடுவிப்புப் பத்திரத்தில் இரண்டு பதக்கங்கள் எழுதியிருந்தன. மூன்றாவது விட்டுப்போயிருந்தது. பனிமலை உச்சியில் ஒரு கள மருத்துவமனைக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டு ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்திருக்கிறாள். அந்த உயரத்தில் பணிசெய்தவர்களுக்கென்று தனிப் பதக்கம் உண்டு. அனுப்பியவர்கள் மறந்துவிட்டார்கள், போய்ச் சேர்ந்த இடத்திலும் பதியவில்லை, ஆவணத்தின்படி அந்தக் குளிர்காலத்தில் அத்தை எங்கேயும் இல்லை. அதைத் திருத்தத்தான் அந்த அலுவலகத்துக்கு அலைந்தாள்.

அப்பா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். “இதனால பென்சன் கூடுமாக்கா?”

“கூடாது.”

“பின்னே எதுக்கு இம்புட்டு அலைச்சல்? கேக்குறவங்களுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?”

“நான் அங்க இருந்தேன். அதை எழுதணும், அம்புட்டுத்தேன். கேக்குறவங்களுக்கு நீங்க சொன்ன பதிலு போதும்” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள். அம்மா தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை எடுத்து உள்ளே வைப்பதில் திடீரென்று ரொம்ப அக்கறை காட்டினாள்.

விண்ணப்பத்தோடு இணைக்க அத்தையிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அந்த மலைக்குப் போகச் சொன்ன உத்தரவுத் தாள். நகலை மட்டும் பார்த்த அவில்தார், அசலையும் கொண்டுவரச் சொன்னார். அடுத்த வாரம் சரஸ்வதி பூஜை. அதை முடித்துக்கொண்டு போகலாம் என்று அத்தை சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் வினையாயிற்று.

பூஜையில் புத்தகங்களுக்கு சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பு அந்த வருஷம் எனக்கு வந்திருந்தது. என் பாடப்புத்தகங்கள், அண்ணனின் ஜாமெட்ரி பாக்ஸ், அப்பாவின் லாரி செட் நோட்டுகள், அத்தையின் பி.பி. பார்க்கும் கருவி என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனேன். அத்தையின் கோப்பும் அடுக்கில் இருந்தது. எல்லாவற்றிலும் உசத்தியான காகிதம் அதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால் அட்டையில் வைத்து ஏமாற்ற மனம் வரவில்லை. திறந்தேன். உத்தரவுத் தாளின் அடியில் ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரை. அதன் நடுவே கொஞ்சம் இடம் வேறு விட்டிருந்தார்கள். பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்துக்கொண்டேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். தாராளமாகவே வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

மறுநாள் மறுபூஜை முடிந்து கோப்பைத் திறந்தபோது, முத்திரை இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு குளம் இருந்தது. படைப்பிரிவின் பெயர் அதற்குள் போய்விட்டது. தேதியில் ஒரு காலும் ஒரு சுழியும் மிச்சம். அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அத்தை தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நல்லாத்தேன் வச்சிருக்க” என்றாள் கடைசியில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவில்தார் தாளை மேசையில் வைத்து உதட்டைப் பிதுக்கினார். இப்போது அவர் அத்தையை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். “மேடம், இதை மேல அனுப்புனா, அழிச்சுத் திருத்தியிருக்காங்கன்னு எழுதித் திருப்பிருவாய்ங்க. பேசாம விட்டுருங்களேன். இந்த மெடலு கடையிலயே கெடைக்கும். வாங்கிக் குத்திக்கிட்டா யாரு கேக்கப்போறா?”

“கடையில வாங்குனா அது வெறும் தகரம்” என்றாள் அத்தை. “வேற சாட்சி கொண்டாரேன்.”

அந்த மலையில் அவள் கவனித்த நோயாளிகளில் தமிழ் பேசிய பையன் ஒருவன் இருந்தானாம். பனியில் கால்விரல்கள் கறுத்து, அவற்றை எடுக்கவேண்டி வந்ததாம். பெயர் நினைவில் இல்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் என்று சொன்னது மட்டும் நினைவிருந்தது. அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். குங்குமம் வைத்தவள் கூடவே வந்து தீரவேண்டும் என்பது அவள் கணக்கு.

ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி டீக்கடையில் கேட்டோம். கால்விரல் இல்லாத பட்டாளத்துக்காரர் என்றதும், கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே வழி சொன்னார். ஒன்றரை மைல் நடை. அவர் சம்பங்கித் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். சேற்றில் பாதி பாதம்தான் பதிந்திருந்தது.

அத்தை வரப்பில் நின்று, “இப்ப நடக்கும்போது வலிக்குதா?” என்று கேட்டாள். ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார். “சிஸ்டர்” என்றார். பிறகு வீட்டைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் எழுந்து நின்றார்கள். “ஏ, ஓடியா! சொல்லிருக்கேன்ல, ராத்திரி பூரா எங் காலத் தேச்சுக்கிட்டே இருந்தாகன்னு! வந்துருக்காக பாரு!”

அவர் தன் காகிதங்களைத் தகரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். கீழேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பியபோது எழுதிய சீட்டு அதில் இருந்தது. அடியில் வார்டு பொறுப்பு என்ற இடத்தில் அத்தையின் கையெழுத்து. பக்கத்தில் தேதி, படைப்பிரிவு, தெளிவான வட்ட முத்திரை. நான் முத்திரையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஏறும்வரை விடவில்லை.

சீட்டும், அவர் கையெழுத்திட்ட வாக்குமூலமும், ரோஸ் குளமும் ஒரே உறையில் போயின. அது ஒருமுறை திரும்பி வந்தது. அத்தை மறுபடி அனுப்பினாள். இன்னொரு முறையும் திரும்பியது. படிவம் மாறிவிட்டதாம். புதுப் படிவத்தில் எழுதி மூன்றாவது தடவை அனுப்பினாள். தபால்காரர் தெருமுனையில் வரும்போதே அப்பா முகத்தைச் சுளிக்கப் பழகியிருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து, திருத்திய பத்திரமும் சிறு அட்டைப்பெட்டியும் வந்தன. பத்திரத்தில் மூன்று பதக்கங்கள். அத்தை மூன்றாவது வரியை உரக்க வாசித்தாள். வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

அடுத்து வந்த குடியரசு தினத்துக்கு என்னை மட்டும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. மார்பில் மூன்று பதக்கம். முன்னாள் வீரர்களுக்கென்று வெயிலில் போட்டிருந்த நாற்காலி வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆண்கள் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். சட்டையில் ரிப்பன் பூ குத்திய ஒருவர் ஓடிவந்தார்.

“அம்மா, இது பட்டாளத்துக்காரங்க வரிசை. பேமிலிக்கு அந்தா பந்தல் போட்டிருக்கு.”

“நான் பட்டாளத்துக்காரிதேன்.”

அவர் போய் இன்னொரு பெரியவரை அழைத்துவந்தார். பெரியவர் பதமாகவே சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஐயாவோட மெடலக் குத்திக்கிட்டு வாரவங்க நெறைய இருக்காங்க. அவங்களும் பந்தல்லதான் உக்காருவாங்க.”

“அடுத்தவங்க மெடல வலப்பக்கம் குத்தணும். சொந்த மெடல இடப்பக்கம்” என்றாள் அத்தை. “எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டு வந்து பேசுங்க.”

பெரியவர் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அத்தை நேராக உட்கார்ந்து கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெயில் சுட்டது. எல்லோரும் எங்களையே பார்ப்பது வெட்கமாக இருந்தது. பந்தலில் நிழல் இருந்தது, மின்விசிறி இருந்தது, பிள்ளைகளுக்குத் தட்டில் கடலைமிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “எந்திரி அத்தை. அவங்கதான் சொல்றாங்கள்ல. அங்க போய் உக்காரலாம் வா.”

இரண்டு ஆண்களுக்கும் சட்டென்று பதில் சொன்னவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ போ” என்றாள்.

நான் ஓடினேன். இரண்டு மிட்டாய் வாங்கித் தின்றேன். வீட்டுக்கு வந்து, ஒரு நாற்காலிக்காக அத்தை வெயிலில் அடம்பிடித்த கதையை அபிநயத்தோடு நடித்துக் காட்டினேன். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமையாக இருந்தது.

மைதானத்தில், நான் எழுந்து வந்த நாற்காலியில் அத்தை தன் கைப்பையை வைத்திருந்தாள். கடைசிவரை அவள் அதை எடுக்கவில்லை. ஒரு கிழவர் உட்கார இடம் கேட்டபோது ஆள் வருது என்று கையைக் காட்டினாள். மிட்டாயைச் சப்பிக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யார் வரப்போகிறார்கள் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.