பின்சக்கரங்களைப் பற்றி நான் சொன்னது

பந்தயத் தடத்தில் கார் ஓட்டும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், என்னுடையது போக, முன்சக்கரங்களால் ஓடும் சின்னக் கார்கள் பதினொன்று. புது டயர் இரண்டையும் முன்னால் போடுங்கள், பழசு பின்னாலேயே கிடக்கட்டும் என்று அவற்றில் ஒன்பது கார்களின் சொந்தக்காரர்களுக்குச் சொன்னவன் நான். மீதி இரண்டு பேர் நான் சொல்வதற்கு முன்பே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். அது தவறு, மாற்றிப் போடுங்கள் என்று நாற்பத்து மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்வரை ஒருவரும் மாற்றவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார்; அந்த உடம்புக்குச் சற்று அதிகமான எஞ்சின். பார்த்தால் மளிகைச் சாமான் வாங்கப் போகிற வண்டி மாதிரி இருக்கும். வருடத்துக்கு நான்கு முறை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள பந்தயத் தடத்தை யாராவது ஒருநாள் வாடகைக்கு எடுத்து எங்களைப் போன்றவர்களை ஓட்டவிடுவார்கள். அன்று காலை ஆறு மணிக்கு நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையோர டீக்கடையில் கூடுவோம்.

கார்களைவிட அங்கே பேச்சுதான் வேகம். முன்சக்கரக் கார் தடத்துக்கு லாயக்கில்லை, வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகத்தான் போகும் என்று பெரிய கார்க்காரர்கள் சொல்வார்கள். நான் விடமாட்டேன். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொள், ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் மூக்கு உள்ளே வரும், நல்ல டயர் முன்னால் இருந்தால் எந்தப் பெரிய காரையும் துரத்தலாம் என்பேன். துரத்தியும் காட்டியிருக்கிறேன்.

டயர் விஷயத்தில் என்னை எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர். அண்ணனூர் ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். அவருடையது பழைய வேன், பின்சக்கரம் தள்ளும் வண்டி. அவர் தடத்தில் இறங்கியதே இல்லை. வேடிக்கை பார்க்க மட்டும் வருவார்.

"இன்னா நைனா இது, முன்னாடி சக்கரமே இழுக்கணும், அதே திரும்பணும், அதே நிறுத்தணும். ஒரே ஆளுக்கு மூணு ஷிஃப்ட்டு. பின்னாடி ரெண்டு பேரும் வேடிக்க பாத்துகினு வரானுங்க."

"அதனாலதான்யா நல்ல டயரை முன்னாடி போடறேன்."

"வேல செய்றவனுக்கு மட்டும் சோறு போடுற. சும்மா கீறவனப் பட்டினி போடுற. ஒருநாள் அவன் ஊட்ட விட்டு ஓடப் போறான் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "பின்சக்கரம் எதுக்கு இருக்கு? டிக்கி தரையில உரசாம இருக்கத்தான்" என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அதைக் குழுவிலும் எழுதினேன், முப்பத்திரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஆதாரத்துக்கு ஒரு புகைப்படமும் போட்டேன். நான்காவது வளைவில் என் காரின் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். படத்தை அளந்து கணக்குப் போட்டால் பதினொரு சென்டிமீட்டர். காற்றில் நிற்கிற சக்கரத்துக்கு எதற்குப் புது டயர் என்று கேட்டேன். வெளிப்பக்கப் பின்சக்கரம் அந்த நேரத்தில் என்ன பாடுபடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முன்சக்கரக் காரில் முன்டயர்கள் சீக்கிரம் தேயும். நாங்கள் நான்காக வாங்கும் ஆட்களும் அல்ல; இரண்டிரண்டாகத்தான். ஆகவே பின்டயர்கள் தேயாமலே கிழடாகிக்கொண்டிருக்கும். என்னுடையவை, பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் அச்சடித்த நான்கு இலக்கத்தின்படி, ஏழு வருடம் பழையவை. பள்ளத்தின் ஆழத்தை ஒவ்வொரு முறையும் அளந்தேன். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்ததே இல்லை. ரப்பர் எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. கருவி இல்லாததால் அந்த ஒன்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முப்பத்தொரு வருடம் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன் செய்த காரியம் இது.

நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் ஒரு வலது வளைவு. அதில் அதற்கு முன் நானூற்றுப் பன்னிரண்டு முறை திரும்பியிருக்கிறேன். கடைசியாக நான் ஓட்டிய தட நாளன்று முன்னால் புது டயர்கள். வேகம் சற்றுக் கூடிவிட்டதாகத் தோன்றி, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடை முழுவதும் முன்னால் சாய்ந்தது. முன்டயர்கள் தரையைக் கவ்வின. பின்பக்கத்தில் கவ்வுவதற்கு எதுவும் இல்லை. கார் இரண்டரைச் சுற்றுச் சுற்றி, அடுக்கியிருந்த பழைய டயர்ச் சுவரில் இடது பக்கமாக மோதியது.

எனக்குக் காறை எலும்பு முறிந்தது. காரின் கூடு முறுக்கிக்கொண்டது. பட்டறையில் கூட்டின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் எடுக்கச் சொல்லி, ஒற்றைக் கையோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினேழு மில்லிமீட்டர் வித்தியாசம். மூன்றுக்கு மேல் போனால் நானே நிராகரிப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன். காரை உடைக்கக் கொடுத்துவிட்டோம். "ஆள் வந்துட்டீங்க, அது போதும்" என்று மனைவி சொன்னாள். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள், அதுவே எனக்கு அதிகமாக இருந்தது.

அந்த வாரமே இடது கையால் குழுவுக்கு எழுதினேன். ஆறு விஷயங்கள், எண் போட்டு. நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். முன்பக்கம் நழுவினால் காலை எடுத்துத் தப்பிக்கலாம், பின்பக்கம் நழுவினால் எங்களைப் போன்றவர்களால் பெரும்பாலும் முடியாது. உடல் தேறட்டும் என்று பதினான்கு பேர் எழுதினார்கள். டயரைப் பற்றி எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவர், "சார், அறுபத்தெட்டு வயசுல ரிஃப்ளெக்ஸ் குறையும், டயர் மேல பழி போடாதீங்க" என்றார். இன்னொருவர் சிரித்தார். மூன்றாமவர் என் பழைய செய்தியையே எடுத்துப் போட்டார், டிக்கி தரையில் உரசாமல் இருக்கத்தான் என்று. இம்முறை நாற்பத்தொரு கட்டைவிரல்.

அடுத்த தட நாளுக்கு அந்தப் பதினொரு பேரில் பெயர் கொடுத்திருந்தவர் ஒருவர்தான். கரூர்க்காரர், மென்பொருள் கம்பெனியில் வேலை, ஐயப்பன்தாங்கலில் மூன்றாவது மாடியில் வீடு. என் விபத்துக்கு முந்தின வாரம்தான் முன்னால் இரண்டு புது டயர் போட்டிருந்தார், நான் சொல்லி. அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டப் போகிறார் என்றதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்கட்டோடு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் குனிந்து பார்த்தேன். பின்டயர்கள் ஆறு வருடம் பழையவை. நகத்தால் அழுத்தினேன், இறங்கவில்லை.

"இதை முன்னாடி போட்டுட்டு, புதுசைப் பின்னாடி போடுங்க. பஞ்சர் கடையில அரை மணி நேர வேலை."

"சார், நீங்கதானுங்களே அப்படிப் போடச் சொன்னீங்க?"

"தப்பா சொன்னேன்."

"ரெண்டு வருசமாச் சொன்னீங்களே சார்."

"ரெண்டு வருஷமும் தப்பா சொன்னேன்."

அவர் மனைவி குழந்தையோடு படியில் நின்றிருந்தார். "பெரியவர் இந்தக் கையோட வந்து சொல்றாரு, மாத்திப் போட்டாத்தான் என்னங்க?" என்றார்.

அவர் யோசித்தார். மசிவார் என்றுதான் நினைத்தேன். "மாத்துனா டைமிங் எவ்வளவு போகும் சார்?"

உண்மையைச் சொன்னேன். வாழ்நாளில் ஓர் எண்ணையும் நான் மாற்றிச் சொன்னதில்லை. "சுற்றுக்கு ரெண்டு செகண்ட் போகும். முன்பக்கம் கொஞ்சம் வழுக்கும்."

"ரெண்டு செகண்டா! போன தடவை முதல் இடத்தை நான் விட்டதே ஒண்ணரை செகண்டுலதானுங்க சார்."

அரை செகண்ட் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் படியில் நின்ற பெண்ணுக்காகவாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவர் எனக்குக் காபி கொடுத்து, பஸ் நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டார். நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வேனில் தடத்துக்குப் போனேன். அந்த வலது வளைவுக்கு எதிரே, வேலிக்கு இந்தப்பக்கம் நின்றோம். கரூர்க்காரரின் கார் எட்டுச் சுற்று வந்தது. எட்டு முறையும் அந்த இடத்தில் நான் அதன் பின்சக்கரங்களையே பார்த்தேன். இரண்டாவது சுற்றில் பின்பக்கம் ஒரு சாண் வெளியே போய்த் திரும்பியது. ஐந்தாவதில் ஒரு முழம். அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

"இன்னாபா இது, வண்டி வாலாட்டுது, இவனுங்க கைதட்டிகினு கீறானுங்க" என்றார் நண்பர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு நைனா, ஒண்ணும் ஆவாது" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் நடந்தது. கரூர்க்காரரின் வாழ்நாளில் சிறந்த சுற்று நேரம், முந்தையதைவிட இரண்டு செகண்ட் குறைவு. காரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை, பல்லெல்லாம் சிரிப்பு. நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் முன்டயரைத் தட்டிப் பார்த்து, எந்த அளவு, எங்கே வாங்கினது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நான் கிட்டே போய், இரண்டாவது சுற்றையும் ஐந்தாவது சுற்றையும் சொன்னேன்.

"கவனிச்சீங்களா சார்? சும்மா பின்னாடி ஆடுச்சு, ஒரு வெட்டு வெட்டினேன், நேராயிருச்சு. செம ஜாலிங்க."

"அடுத்த தடவை நேராகலைன்னா?"

அவர் என் கைக்கட்டைப் பார்த்தார். என்னைப் புண்படுத்தக் கூடாது என்று அவர் வார்த்தை தேடுவது தெரிந்தது. பிறகு என் நல்ல தோளில் கை வைத்துச் சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார்.

"இந்த டயர் விசயம் எல்லாம் சார் சொல்லிக் கொடுத்ததுதானுங்க. சாருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கப்பா."

சொன்னார்கள்.