பாயம்மா அழுத்திய பொத்தான்

தரமணி அலுவலகத்தின் கூட்ட அறையில், சுவர்த் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள் நிறைந்திருந்த அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கட்டம் என்றால் ஒரு நாள். பல மாதங்கள் எடுக்கும் ஒரு காரியத்தை மனிதர்கள் பாதியில் விட்டுவிடாமல் தொடர உதவும் செயலி ஒன்றை அப்போது உருவாக்கிக்கொண்டிருந்தோம். சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோரின் வரிசை சில வாரங்களிலேயே அறுந்துபோயிருந்தது. ஒருவருடையது மட்டும் எண்பது நாட்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "இவரை வச்சு ஒரு வீடியோ எடுத்துடலாம். வெளியிடற அன்னிக்குப் போட்டுக் காட்டலாம்," என்றார் மேலாளர்.

அந்த ஒருவர், மயிலாப்பூரில் பல வருடங்களாக எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த தையல்கார பாய். பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்துவிட்டிருந்தது. தினமும் ரப்பர் பந்தை அழுத்திப் பயிற்சி செய்தால் விரல்கள் மெல்லத் திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். செயலியை அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தது நான்தான். பயிற்சி முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நாள் தவறினாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்தப் பயம் ஆளை விடாமல் ஓட்டும் என்று நினைத்து அப்படி வடிவமைத்தவளும் நான்தான்.

வீடியோவுக்குச் சம்மதம் கேட்க வீட்டுக்குப் போனேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவியை நான் பாயம்மா என்றுதான் கூப்பிடுவேன். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"வீடியோல்லாம் வேணாம்மா. எல்லாம் அவரு அழுத்துனது இல்ல. முடியாத நாள்ல நான்தான் அழுத்திடுவேன். அவருக்குத் தெரியாது."

அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல ஒரு நாலு நாள் ஜுரம். அஞ்சாம் நாள் பந்தைக் கையில வச்சிக்கினு போனைப் பார்த்தாரு. பூஜ்யம்னு காட்டுது. இவ்ளோ நாள் செஞ்சதெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டுட்டு, பந்தைத் தூக்கி அலமாரியில போட்டாரு. பத்து நாள் தொடவேயில்ல. நான் கெஞ்சித்தான் மறுபடி எடுக்க வச்சேன், அதுலேர்ந்துதான் இப்படி அழுத்திடறேன். அவரு கை ஒண்ணும் பூஜ்யம் ஆவலையேம்மா. அதுக்குள்ள டம்ளர் புடிக்க ஆரம்பிச்சிருந்தாரு. உங்க போனுக்கு அது தெரியலையே."

திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்த வார்த்தைகளே காதில் கிடந்தன. எங்கள் செயலியின் ஆகச் சிறந்த வெற்றி, அதனிடமிருந்து தன் கணவனைக் காப்பாற்ற ஒரு பெண் அவருக்கு முடியாத நாளிலெல்லாம் சொன்ன பொய். கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

யார் என்று சொல்லாமல், நடந்ததை மட்டும் அடுத்த கூட்டத்தில் சொன்னேன்.

"பூஜ்யத்தை எடுத்துட்டா தினமும் யாரும்மா திறப்பாங்க?" என்றார் மேலாளர்.

"நம்ம செயலியைத் திறக்கறதுக்காக அவங்க வரலை சார். கை சரியாகணும்னு வந்தாங்க."

வெளியீடு தள்ளிப்போனது. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆனால் பூஜ்யம் போயிற்று. செய்த நாட்களின் மொத்தம் இனிக் குறையவே குறையாது. தவறிய நாளில், விரும்பினால் காரணத்தை ஒரு வரி எழுதலாம். விட்டுப்போனவர் திரும்பி வந்தால், கடைசியாக அவரால் என்ன முடிந்தது என்பதையே முதலில் காட்டும். இன்று எத்தனையோ பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். நான் படித்த எந்த வடிவமைப்புப் பாடமும் தராததைப் பாயம்மா எனக்குத் தந்தார். உண்மையைச் சொல்ல அவருக்குக் கட்டாயமே இல்லை. வீடியோவுக்குத் தலையாட்டியிருந்தால் எல்லோருக்கும் சந்தோஷமாக முடிந்திருக்கும்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாயால் இன்னும் துணி வெட்ட முடியவில்லை, கொக்கி தைக்கிறார். கைப்பேசியை அவரே என்னிடம் நீட்டினார். முந்தைய நாளில் ஒரு வரி இருந்தது: 'இன்னிக்கு செய்யல. கல்யாணத்துக்குப் போனோம்.'

"நீங்க எழுதுனதா?" என்று பாயம்மாவைக் கேட்டேன்.

"நான் இல்லம்மா," என்றார். "அவரேதான். அந்தக் கையாலயே."