கடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க

இன்னிக்குக் கணபதி ஏரியாவுல ஒரு பல் டாக்டரம்மாகிட்ட, கடவாப்பல்லுக்குப் பல்லு நிறத்துலயே ஃபில்லிங் வெச்சுக்கிட்டேன்.

நீல லைட் அடிச்சு அதைக் கெட்டியாக்கினதும், பல்லுக்கு நடுவுல கலர் பேப்பரை வெச்சு, "கடிச்சுப் பாருங்க, உயரமாத் தட்டுதுங்களா?"ன்னாங்க.

ஊசி போட்டு மரத்துப்போன வாயில என்ன தெரியும்? வெளிய ஆளுங்க வேற காத்திருக்காங்க. "இல்லீங்க, சரியா இருக்குதுங்க"ன்னுட்டேன்.

சிங்காநல்லூர் பஸ்ல வாரப்ப மரமரப்பு விட்டுச்சு. வாயை மூடினா அந்த ஒரு பல்லுதான் இடிக்குது. ரெண்டாப் பொளந்துருமோன்னு பயந்து, வாயைத் தொறந்தே உக்காந்திருந்தேன்.

பக்கத்து சீட் அக்கா, "ஏனுங்க, மயக்கமா வருதுங்களா?"ங்கறாங்க.

எறங்கினதும் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "லேசா ராவி, தேய்ச்சு உயரத்தைக் குறைச்சு விட்டாச் சரியாயிருமுங்க. அப்படியே உட்டா வலிக்கும், ஃபில்லிங்கும் ஒடையலாம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க. இப்பவே வாரீங்களா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நாளைக்கு வாரேனுங்க"ன்னு சொல்லி ஃபோனை வெச்சுப்போட்டேன்.

இப்பவும் வாயைத் தொறந்து வெச்சுட்டுத்தான் டைப் பண்றேன். ஃபில்லிங்கை ராவறதுக்கு முன்னாடி, எம்பட இந்த வேண்டாத மரியாதையைக் கொஞ்சம் ராவி உட ஆள் இருக்குதுங்களா?