ஆறு நாள் தள்ளிப்போன பயணம்

என் கணவர் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. மூத்தவளை அவர் முதன்முதலாகத் தூக்கியபோது அவளுக்கு ஒன்றே கால் வயது. அவரைப் பார்த்து வீறிட்டு அழுதபடி என் அண்ணனிடம் ஓடிவிட்டாள். "போகப் போகப் பழகிரும்" என்று சிரித்தார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது உண்டானதும், கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு, இரண்டு வருடம் ஆகும் முன்பே பிரசவத்தை ஒட்டி ஒரு மாத லீவில் வந்தார். டாக்டர் குறித்தது வியாழக்கிழமை. அவருடைய ரிட்டர்ன் டிக்கெட்டோ அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கு. நாலு நாள் இடிக்கிறதே என்று இரண்டு பேரும் உள்ளுக்குள் மறுகினோம்.

இந்த நிலையில் ஒரு காலையில் விமானக் கம்பெனியிலிருந்து அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் விமானத்தின் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். அதில் போனால் அங்கிருந்து கிளம்பும் குவைத் விமானத்தைப் பிடிக்க முடியாது. அதனால் அவர்களாகவே இவரை இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

"டிராவல்ஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வருவமா?" என்றேன்.

"அவுங்களே மாத்திட்டாங்க. நாம கேட்டு என்னாகப் போவுது?"

"கேக்காம எப்புடித் தெரியும்? வாங்க போவம்."

நிறைமாத வயிற்றோடு அன்னவாசல் வரைக்கும் ஆட்டோவில் போனேன். டிராவல்ஸ்காரர் மெசேஜை இரண்டு தடவை படித்தார்.

"நேரத்த மாத்துனது அவுங்கதானக்கா. அதுனால ஒரு தடவ நமக்குத் தோதான தேதிய நாம கேட்டுக்கலாம். பழைய தேதியிலேருந்து ஏழு நாளைக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான்."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "பின்னாடி தள்ளியும் கேக்கலாமா?" என்றேன்.

"கேட்டுப் பாப்பம்."

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேசைமேல் வைத்தார். ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். டிராவல்ஸ்காரர் எங்கள் நிலைமையைச் சொல்லச் சொல்ல அவள் சட்டென்று தமிழுக்கு மாறினாள். இலங்கைத் தமிழ்.

"எப்பவாம் பிள்ளை பிறக்கும்?"

நான் குனிந்து, "வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றேன்.

"அப்ப சனிக்கிழமை போட்டுத் தாறன். அதுக்குப் பிறகு இடமில்லை அக்கா."

மாற்றிய டிக்கெட்டை என் கணவர் உடனே குவைத்தில் இருக்கும் சூப்பர்வைசருக்கு அனுப்பினார். சனிக்கிழமையைத் தாண்டக்கூடாது என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை ஒரு அசைவும் இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "நடக்காத, சும்மா உக்காரு" என்றார் ஒரு முறை. கொஞ்ச நேரத்தில் அவரே, "கொஞ்சம் நடந்தா நல்லதுன்னு சொல்றாங்களே" என்றார். வெள்ளிக்கிழமை விடியும்போது வலி எடுத்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குள் பையன் பிறந்துவிட்டான்.

நர்ஸ் அவனை அவர் கையில் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வாங்கினார் என்று அம்மா சொன்னாள். அன்று முழுக்க அவர் என் கட்டிலை விட்டு நகரவில்லை. ஈரத்துணியை அவரே மாற்றினார். பிள்ளை தும்மினால்கூட நர்ஸைக் கூப்பிடப் போய்விடுவார். மூத்தவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "தம்பிய நல்லாப் புடிங்கப்பா" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்தே திருச்சிக்குக் கிளம்பினார். போகும் முன்பு பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, சுட்டுவிரலை அதற்குள் வைத்தார். அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "விட மாட்டேங்குறான் பாரு" என்றார்.

குவைத்தை விட்டு வந்து இப்போது ஊரிலேயே ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பையன் மூன்றாம் வகுப்பு. அப்பாவின் வேனிலேயே கடைசி சீட்டில் கூட்டாளிகளோடு கத்திக்கொண்டு போகிறான். தினமும் மனிதர் கண்முன்னால்தான் இருக்கிறார், சண்டைகூடப் போட்டுக்கொள்கிறோம். ஆனாலும் அந்த ஒன்றரை நாளின் ருசி வேறு. அதை நினைத்தால் இப்போதும் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன்.