அறை வெப்பநிலை என்று எழுதியது நான்தான்

1. பெட்டி

தெர்மோகோல் பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே ஐஸ். உயிருள்ள செல் எடுக்க வேண்டிய ரத்தத்தை ஐஸில் போட்டுக் கொண்டு வந்திருக்கிறார்கள்!

தேனியில் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக நான் டெக்னீசியன். புதிதாகச் சேர்கிறவர்கள் என்னிடம் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் இந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்வேன்.

எங்கள் வேலை இது. புற்றுநோய் வந்தவரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை உயிரோடு பிரிப்போம். அதில் டி செல் என்று ஒரு வகை, கட்டியைத் தாக்கிக் கொல்லக்கூடியது. புது மருந்து அதை உசுப்பிவிடுகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. மருந்துக்கு முன் ஒரு ரத்தம், பின் ஒரு ரத்தம். முன் ரத்தம் கெட்டால் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். மருந்தும் கிடைக்காது.

அன்று சேர்க்கைக்குக் கடைசி நாள். ரத்தம், கம்பத்துத் திராட்சை வியாபாரி சையது ராவுத்தருடையது. நுரையீரலில் கட்டி. உடம்பில் ரத்தமே குறைவு, இப்போதைக்கு மறுபடி எடுக்கக் கூடாது என்று அவருடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராவுத்தரின் மகள் மைமூன் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்திருந்தாள்.

“ஏம்மா, படிக்கத் தெரியுமா தெரியாதா? டியூபோட குடுத்த சீட்டுல என்ன போட்டிருக்கு?” என்று கத்தினேன்.

அவள் சளைக்கவில்லை. “தெரியும்க்கா. ‘அறை வெப்பநிலையில் கொண்டு வரவும்’னு போட்டிருக்கு. எங்க அறைக்குள்ள வந்து பாருங்க. தகரம் போட்ட மாடி ரூமு, அடுப்பு மாதிரி கொதிக்குது. அந்த வெப்பத்துல வச்சா அத்தா ரத்தம் கெட்டுப்போகாதா? தப்பா அச்சடிச்சிட்டாகன்னுதான் ஐஸ் வச்சோம்.”

அந்தச் சீட்டை எழுதியது நான்தான். இங்கிலீஷ் சீட்டு யாருக்கும் புரியாது என்று சண்டை போட்டுத் தமிழில் எழுதினேன். ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினேன். இருபத்திரண்டு டிகிரியில் இருந்த எனக்கு, அறை என்றால் அந்த அறைதான்.

2. சார்

ஆய்வுத் தலைவர் எட்டிப் பார்த்தார். சென்னைக்காரர். நல்ல விஞ்ஞானி, பொறுமை கிடையாது.

“ஐஸா? போச்சு. டிஸ்கார்ட் பண்ணிடுங்க, ராஜாத்தி.”

“பதினஞ்சு டிகிரிக்குக் கீழ இருந்தாத்தான் ரிஜெக்ட்னு புரோட்டோகால்ல நீங்கதான் எழுதியிருக்கீக. அளந்தீகளா சார்?”

“ஐஸ்தான் கண்ணுக்குத் தெரியுதே. இதுல அளக்க என்ன இருக்கு?”

“ஐஸ் தெரியுது. டியூப் தெரியுதா?”

தெரியவில்லை. ஐஸ் பையை எடுத்தேன். கீழே அட்டை. அதன் கீழே வைக்கோல். அதற்கும் கீழே நாளிதழ்த் தாளில் தனித்தனியாகச் சுற்றிய மூன்று டியூப்.

“அத்தாதான் ஐஸை நேரா வைக்க விடலக்கா,” என்றாள் மைமூன். “‘பழத்துல ஐஸ் பட்டாலே தோலு வெடிச்சிரும், ரத்தம் தாங்குமா ஆத்தா’ன்னு படுத்துக்கிட்டே திட்டுனாக. திராட்சைப் பெட்டி கட்டுற மாதிரி அவுக சொல்லச் சொல்லத்தான் கட்டுனேன்.”

தொடாமலே அளக்கும் தெர்மாமீட்டரை டியூபுக்கு நேரே பிடித்தேன். பத்தொன்பது.

“பத்தொம்போது சார்!”

அவர் என் கையிலிருந்து பிடுங்கி மூன்று டியூபையும் தானே அளந்தார். பத்தொன்பது, பத்தொன்பது, இருபது. “ரன் பண்ணுங்க,” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் மைமூனிடம் கேட்கவில்லை. நேரமில்லை.

3. வளையம்

டியூபில் ஃபைகால் என்ற திரவத்தை ஊற்றி, அதன் மேல் ரத்தத்தைக் கலங்காமல் ஓட விட வேண்டும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்ற வேண்டும். பிரேக் போடக் கூடாது, அதுவாக நிற்க வேண்டும். போட்டால் எல்லாம் கலங்கிவிடும். மெஷின் நிற்கும்வரை நான் உட்காரவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைமூனும் உட்காரவில்லை.

மூடியைத் திறந்தேன். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள், நடுவில் மெல்லிய வெள்ளை வளையம்! அதுதான் நமக்கு வேண்டிய செல். ஆனால் உயிரோடு இருக்கிறதா? நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்த செல் நீலமாகும். உயிருள்ளது பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். எண்ணினேன். நூறில் தொண்ணூற்று மூன்று வெள்ளை. நம்பாமல் மறுபடி எண்ணினேன். அதேதான்.

கண்ணாடியைத் தட்டி, “உசுரோட இருக்குடி!” என்று கத்தினேன். முன்பின் தெரியாத பெண்ணை டி போட்டுவிட்டேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ராவுத்தர் அன்று மாலை ஆய்வில் சேர்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து, மருந்துக்குப் பின் எடுத்த ரத்தம் அசல் திராட்சைப் பெட்டியிலேயே வந்தது, ஐஸ் இல்லாமல். அதன் டி செல்லை, அவருடைய கட்டியிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த செல்லோடு ஒரே தட்டில் விட்டோம். பத்திரப்படுத்தி வைத்திருந்த முதல் ரத்தத்தின் டி செல், வேறு தட்டில், சும்மா சிதறிக் கிடந்தது. இரண்டாவது, ஒவ்வொரு கட்டி செல்லையும் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தது. நானும் சாரும் மைக்ராஸ்கோப்புக்கு அடித்துக்கொண்டோம். தட்டில் நடப்பது அப்படியே உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்று நான் சாப்பிடப் போகவில்லை.

ஐஸைப் பார்த்துக் கத்தாதீர்கள், அளந்து பாருங்கள். நீங்கள் எழுதியதை ஏசி இல்லாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

புதுச் சீட்டில் ‘வெப்பநிலை’ கிடையாது. ‘ஐஸ் வைக்காதே. வெயிலில் வைக்காதே. தாளில் சுற்றிக் கொண்டு வா’ என்று எழுதி மைமூனிடம் நீட்டினேன்.

வாசித்தாள். “இப்பப் புரியுதுக்கா. ஆனா திட்டுற மாதிரியே இருக்கு. ஒரு ‘தயவுசெய்து’ போடுங்க.”

போட்டேன்.