தூணின் மறுபக்கம்

எண்பத்தைந்தில் ஆக்லாந்துக்கு வந்தோம். மறுவருடம் ஒரு ஞாயிறு, கணவரும் நானும் மூன்று வயது மகள் அபியும் ஹென்டர்சனுக்கு அப்பால் நடக்கப் போனோம். செம்மறிகள் மேயும் மேட்டைச் சுற்றி, கார் நிற்கும் இடத்துக்கே திரும்பும் வட்டப் பாதை அது. தொடக்கத்திலேயே இடிந்துபோன கல் தேவாலயம் ஒன்று இருந்தது. கோயிலை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றிப் பழகிய நாங்கள், யோசிக்காமல் இதையும் அப்படியே சுற்றி, அதே போக்கில் பாதையிலும் இறங்கினோம்.

வழிகாட்டும் மரத்தூண்கள் ஒன்றிலும் அம்புக்குறியைக் காணவில்லை. மேட்டில் மூடுபனி இறங்கியபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. அபிக்கு ஒரு கம்பளிச் சட்டைகூட எடுத்து வரவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

"இஞ்சாருங்கோ, திரும்பிப் போவமே?"

"பொறும். நீர் பயந்து பிள்ளையையும் பயப்படுத்தாதையும்."

இடப்பக்கப் பாதையின் முதல் தூணைத் தாண்டி நாலடி வைத்திருப்போம். அவர் தோளில் இருந்த அபி பின்னால் திரும்பி, "அம்மா, லுக், ஆரோ!" என்றாள்.

தூணின் மறுபக்கத்தில் அம்பு! அதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். எதிரே வருகிறவர்களுக்காகத் தீட்டியது. நாங்கள்தான் வட்டத்தை மாறி நடந்திருக்கிறோம். அதன்பின் ஒவ்வொரு தூணையும் தாண்டித் திரும்பிப் பார்த்தோம். அம்பு தெரிந்தால் வழி சரி. அரை மணியில் கார் தெரிந்தது.

இப்போது தொடக்கப் பலகையை வாசிக்காமல் நடப்பதில்லை. கம்பளிச் சட்டையும் பையில் இருக்கும். தேவாலயத்தை மட்டும் முதலில் ஒருமுறை வலமாகச் சுற்றிவிட்டே அம்பின் வழியில் போகிறோம். இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.